ஏணியில் எத்தனையாவது படி?

பத்துப் படிகள் கொண்ட ஓர் ஏணியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு வாய்க்கக்கூடிய வாழ்க்கைகளுள் மிக உத்தமமானது அதன் உச்சியில் இருக்கிறது என்றும், மிகக் கேடானது அதன் அடியில் கிடக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், இன்றைய தேதியில் நீங்கள் எந்தப் படியில் நிற்பதாக உங்கள் மனத்துக்குப் படுகிறது? ஹாட்லி கான்ட்ரில் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1960-களில் வகுத்துத் தந்த இந்த ஒரு கேள்வியைத்தான் கேலப் நிறுவனத்தார் ஆண்டுதோறும் 140-க்கும் மேற்பட்ட நாடுகளில், நாடு ஒன்றுக்குச் சுமார் 1,000 பேரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அந்த விடைகளே மூன்றாண்டுச் சராசரியாக வரிசைப்படுத்தப்பட்டு, மார்ச்சு மாதம் 20-ஆம் தேதியை ஒட்டி உலக மகிழ்ச்சி அறிக்கை என்ற பெயரில் வெளிவருகின்றன. இன்ன தேசத்தார் இன்ன தேசத்தாரைவிடச் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் நாம் படிக்கும் செய்திகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இந்த ஏணிதான்.

2018 முதல் 2025 வரை வெளியான எட்டு அறிக்கைகளிலும் முதல் ஸ்தானம் பின்லாந்துக்கே போயிற்று. டென்மார்க்கும் ஐஸ்லாந்தும் சுவீடனும் அதன் பின்னால் அணிவகுத்து நிற்க, இந்தியாவோ 2025-ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்ற 147 நாடுகளுள் 118-ஆவதாக, நேபாளத்துக்கும் பாகிஸ்தானுக்கும் பின்னால் நின்றது. இச்செய்தி வரும்போதெல்லாம் நம்மவர்களிடையே ஒரு சாரார் கணக்கே மோசடி என்று கோபிப்பார்கள். மற்றொரு சாரார், மேலைநாட்டார் புறத்தே தேடி அலையும் சுகத்தை நம் முன்னோர் அகத்தே கண்டுவிட்டார்கள் என்றும், போதுமென்ற மனம் படைத்தவனுக்கு ஏணியும் வேண்டாம் படியும் வேண்டாம் என்றும் வேதாந்தம் பேசுவார்கள். கோபிக்கிறவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. 140 கோடி ஜனங்கள் வாழும் உபகண்டத்தை ஓர் எண்ணுக்குள் அடக்குவது எளிய காரியம் அன்று. வேதாந்திகளிடம் எனக்கு அந்த அளவுக்கும் நம்பிக்கை இல்லை. போதுமென்ற மனம் மெய்யாகவே நம்மிடம் குடிகொண்டிருந்தால், கேட்டவரிடம் உயர்ந்த படி ஒன்றைக் காட்டிவிட்டுப் போயிருப்போமே அல்லாமல், நான்காம் படியைத் தாண்டவில்லை என்று நாமே ஏன் சொல்லப்போகிறோம்?

விசித்திரம் என்னவென்றால், முதல் இடம் பெற்றவர்களுக்கே இந்தப் பட்டம் வியப்பாகத்தான் இருக்கிறது. பின்லாந்துக்காரர் அதிகம் பேசுகிறவர் அல்லர். காரணமின்றிச் சிரிப்பதை நாகரிகம் என்று கருதுகிறவரும் அல்லர். பஸ் நிறுத்தத்தில்கூட ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்தில் விலகி நிற்கும் தங்கள் சுபாவத்தைத் தாங்களே கேலிச் சித்திரமாக வரைந்து ரசிக்கும் ஜனங்கள் அவர்கள். நாட்டின் வடகோடியில் குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியன் உதிப்பதே இல்லை. தெற்கே தலைநகராகிய ஹெல்சிங்கியிலும் டிசம்பர் மாதத்துப் பகல் சுமார் ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். நேற்று நீங்கள் நிறையச் சிரித்தீர்களா, நன்றாகத் தூங்கி எழுந்தீர்களா என்று அதே கேலப் நிறுவனத்தார் கேட்கும்போது, பெரும்பாலும் முன்னுக்கு வருகிறவர்கள் பராகுவே, பனாமா, குவாத்தமாலா முதலிய லத்தீன் அமெரிக்க நாட்டவர்களே. ஆகவே, ஏணியில் ஏழாம் எட்டாம் படியைக் காட்டும் பின்லாந்துக்காரர் உற்சாகத்தால் அப்படிச் சொல்லவில்லை. தம் வாழ்வை நின்று நிதானித்து எடைபோட்டுப் பார்த்துச் சொல்கிறார். அந்த எடையில் நிறுக்கப்படுவது எது என்பதுதான் கேள்வி.

பணம் என்று சொல்லிவிட்டால் விவகாரம் தீர்ந்துவிடும் என்று நினைக்கலாம். பட்டியலின் அடியில் ஆப்கானிஸ்தானும் உச்சியில் வட ஐரோப்பிய நாடுகளும் இருப்பதைப் பார்க்கும் எவரும் பணத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல மாட்டார்கள். அறிக்கையை எழுதும் பொருளாதார அறிஞர்களும், வித்தியாசங்களை விளக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் ஆறு காரணங்களுள் தலைக்கு இவ்வளவு வருமானம் என்பதையே முதலில் வைக்கிறார்கள். எனினும், ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1974-இல் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார். ஒரு நாட்டுக்குள் பணக்காரர் ஏழையைவிடச் சந்தோஷமாக இருக்கிறார். ஆயினும் நாடு முழுவதும் ஆண்டுக்கு ஆண்டு செல்வத்தில் ஏறிக்கொண்டே போகும்போது, ஜனங்களின் சந்தோஷம் அதற்கு ஈடாக ஏறக் காணோம். 1958-க்கும் 1987-க்கும் இடையில் ஜப்பானியரின் வருமானம் ஐந்து மடங்காகப் பெருகியும் அவர்களுடைய விடைகளில் மாறுதல் இல்லை என்பதை அவர் பின்னர் உதாரணமாகக் காட்டினார். இதை மறுத்து எழுதிய அறிஞர்களும் உண்டு. விவாதம் இன்னும் ஓயவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளை எடுத்துக்கொண்டால், 2012-ஆம் ஆண்டின் முதல் அறிக்கையில் 11-ஆம் இடத்தில் இருந்த அந்தக் குபேர தேசம் 2025-இல் 24-ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது. 2003-ஐ விட 2023-இல், நாள் முழுவதும் ஒவ்வொரு வேளையும் தனியாகவே அமர்ந்து உண்ட அமெரிக்கரின் விகிதம் நூற்றுக்கு 53 கூடியிருக்கிறது என்று 2025-ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிடுகிறது.

பின்லாந்து இன்று செல்வ நாடு. ஆனால் அது சந்தோஷத்துக்கு அஸ்திவாரம் போட்ட காலத்தில் செல்வ நாடாக இருக்கவில்லை. இந்த ஒரு செய்தியை நம்மவர்கள் கவனிப்பதில்லை என்பதே என் குறை. 1866 முதல் 1868 வரை அந்நாட்டைப் பீடித்த பஞ்சத்தில் ஜனத்தொகையில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரை மாண்டார்கள். தானியம் இல்லாமல் பைன் மரத்தின் உட்பட்டையை இடித்து மாவுடன் கலந்து ரொட்டி சுட்டுத் தின்ற காலம் அது. 1917-இல் நாடு ரஷ்யாவிடமிருந்து விடுதலை பெற்றது. மறு ஆண்டே செங்கட்சியும் வெண்கட்சியுமாகப் பிளந்து, அண்ணன் தம்பிகளே ஒருவரை ஒருவர் கொன்ற உள்நாட்டு யுத்தத்திலும், அது முடிந்த பின் சிறை முகாம்களிலும் 36,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தப் புண் ஆறும் முன்பே 1939-இல் சோவியத் படையெடுப்பு, 1944 வரை ஓய்ந்தும் தொடர்ந்தும் யுத்தம், தோல்வி, கரேலியா என்ற பிரதேசத்தின் பெரும்பகுதி பறிபோதல், அங்கிருந்து மூட்டை முடிச்சுடன் கிளம்பிவந்த 4,00,000-க்கும் மேற்பட்ட அகதிகள், இவ்வளவுக்கும் மேல், ஜயித்தவனுக்குக் கட்டவேண்டிய நஷ்டஈடு. இப்படிப்பட்ட தேசம் 1945-இல் ஏணியில் எந்தப் படியைக் காட்டியிருக்கும் என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

அத்தகைய இருண்ட நடுப்பொழுதில், 1943-ஆம் ஆண்டில், எல்லையில் பீரங்கி முழங்கிக்கொண்டிருந்தபோது, அந்நாட்டுப் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிற்று. தொடக்கப் பள்ளிக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும், பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும், ஒரு வேளை உணவு இலவசமாக அளிக்கவேண்டும். ஊராட்சிகள் இதற்கு ஏற்பாடு செய்துகொள்ள ஐந்தாண்டு அவகாசம் என்பது சட்டத்தின் சாரம். 1948-இல் அது நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஏழைக் குழந்தைக்கு மட்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளையும் மரம் வெட்டுகிறவன் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சியில் அமர்ந்து ஒரே கூழைத்தான் குடித்தாகவேண்டும். உணவுப் பொருளுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் ஆகையால், பள்ளி நேரத்துக்கு வெளியே பிள்ளைகளும் இயன்ற அளவு உழைத்துக் காய்கிழங்கு பயிரிடவும் சேகரிக்கவும் உதவவேண்டும் என்று ஒரு விதியும் உண்டு. வாளிகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்ச் செந்நிறக் காட்டுப் பழங்களைப் பறித்துவந்து பள்ளிக்கூடத்துச் சமையலறையில் கொட்டிய அந்தத் தலைமுறையார், தாங்கள் உண்ட சோற்றைப் பிச்சையாக நினைத்திருக்க முடியாது. இன்றைக்கும் அந்தப் பகலுணவு நடக்கிறது: சூடான ஒரு பதார்த்தம், காய்கறிக் கலவை, ரொட்டி, பால். ஆசிரியரும் மாணவருடன் அமர்ந்து உண்பது அங்கே பாடத்திட்டத்தின் ஓர் அங்கம்.

இன்னொரு ஏற்பாட்டைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். 1930-களில் பின்லாந்தில் பிறந்த 1,000 குழந்தைகளில் 65 வரை ஓராண்டு முடிவதற்குள் இறந்துபோயின. 1938 முதல் ஏழைத் தாய்மார்களுக்குச் சர்க்கார் ஓர் அட்டைப் பெட்டி அனுப்பத் தொடங்கிற்று. அதற்குள் குழந்தைக்கு வேண்டிய உடுப்புகள், போர்வை, துணிகள் இருந்தன. இன்று அனுப்பப்படும் பெட்டியில் பனிக்காலத்துக்கான முழு உடுப்பு, தொப்பி, காலுறை, நகம் வெட்டும் சிறு கத்தரி வரை இருக்கின்றன. பெட்டியின் அடியில் ஒரு சின்ன மெத்தையும் விரித்திருக்கும். சாமான்களை எடுத்துவிட்டால் அந்தப் பெட்டியே தொட்டில். 1949-இல் இது எல்லாத் தாய்மாருக்கும் உரியது என்று ஆக்கப்பட்டது. நிபந்தனை ஒன்றே ஒன்று, கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடிவதற்குள் தாய் மருத்துவ நிலையத்துக்கு வந்து பரிசோதித்துக்கொள்ளவேண்டும். துணிமணிக்கு ஆசைப்பட்டு வந்தவள் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போனாள், குழந்தை பிழைத்தது. பெட்டிக்குப் பதிலாகப் பணம் பெற்றுக்கொள்ளலாம் என்று இருந்தும், தலைப்பிரசவத்துக்காரிகளில் பெரும்பாலோர் இன்றும் பெட்டியைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். சிசு மரணம் இப்போது 1,000-க்கு இரண்டு என்ற அளவில் இருக்கிறது. சமத்துவத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம்; கோடீசுவரன் குழந்தையும் கூலிக்காரன் குழந்தையும் ஒரே மாதிரி அட்டைப் பெட்டியில் முதல் தூக்கம் தூங்குவதைப் போன்ற பிரசங்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கரேலிய அகதிகளின் கதையும் இதே தன்மையது. 1945-இல் இயற்றப்பட்ட நிலச் சட்டத்தின்படி, அரசுக்கும் மாதா கோவிலுக்கும் கம்பெனிகளுக்கும் தனியாருக்கும் சொந்தமான நிலங்களிலிருந்து பகுதி பகுதியாக எடுத்து, வந்தவர்களுக்கும் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். நிலம் இழந்தவர்கள் முணுமுணுக்காமல் இல்லை. வந்தேறிகளின் பேச்சையும் பழக்கத்தையும் கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் முகாம்களில் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும் அகதி வர்க்கம் ஒன்று அங்கே உருவாகவில்லை. சோவியத் நாட்டுக்குத் தரவேண்டிய நஷ்டஈட்டையும் 1952-க்குள் கட்டி முடித்து, அதே ஆண்டில் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் பந்தயத்தையும் நடத்தினார்கள்.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டியதன் பலன், ஒருவன் தன் வாழ்வில் நேரக்கூடிய பெரிய விபத்துகளை எண்ணி இரவில் விழித்துக் கிடக்கவேண்டிய அவசியம் குறைந்தது என்பதே. வேலை போனால் என்ன செய்வது, நோய் வந்தால் யார் பார்ப்பார், பிள்ளையின் படிப்புக்கு எங்கே போவது என்ற மூன்று கவலைகளை ஒரு மனிதனிடமிருந்து நீக்கிவிட்டால், அவன் துள்ளிக் குதிக்க மாட்டான். மழையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் நிற்பான். ஆனால் எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்டால், ஏழாவது அல்லது எட்டாவது என்பான். நாம் சந்தோஷம் என்று தேடிக்கொண்டு போகும் சரக்கில் பெரும்பகுதி, பயம் இல்லாமை என்ற சரக்குத்தான் என்பது என் அபிப்பிராயம்.

பயம் இல்லாமைக்கு மற்றொரு முகமும் உண்டு. அது சக மனிதனைப் பற்றியது. டென்மார்க்கில் ஹோட்டல் வாசலிலும் கடை வாசலிலும் தள்ளுவண்டியில் குழந்தையைத் தூங்கவிட்டுவிட்டுத் தாய் உள்ளே போய்க் காப்பி அருந்துவது சர்வ சாதாரணம். 1997-இல் நியூயார்க் நகருக்குப் போயிருந்த டென்மார்க்குத் தாய் ஒருத்தி, தன் ஊர்ப் பழக்கப்படி 14 மாதக் குழந்தையை உணவு விடுதியின் வெளியே வண்டியில் விட்டுவிட்டு, சன்னல் ஓரத்தில் அமர்ந்து உண்டுகொண்டிருந்தாள். போலீசார் வந்து அவளைக் கைது செய்து, குழந்தையையும் சில நாள் அவளிடமிருந்து பிரித்துவைத்தார்கள். அந்தத் தாயைப் பைத்தியக்காரி என்று ஓர் ஊரார் நினைத்தார்கள். அந்த ஊராரைப் பைத்தியக்காரர்கள் என்று அவள் நாட்டார் நினைத்தார்கள். பெரும்பாலோரை நம்பலாமா என்ற கேள்விக்கு டென்மார்க்கில் நாலு பேரில் மூன்று பேர் நம்பலாம் என்று விடை கூறுகிறார்கள். அந்நாட்டில் திருடர்களே இல்லை என்பதன்று. திருடனைக் காட்டிலும் யோக்கியன் எண்ணிக்கையில் அதிகம் என்று அவர்கள் தினமும் கண்ணால் கண்டு வைத்திருக்கிறார்கள்.

இதில் நமக்கும் ஆறுதலான ஒரு சோதனை 2019-இல் வெளியாயிற்று. 40 நாடுகளில் 355 நகரங்களில், தொலைந்துபோனதாகச் சொல்லி 17,000-க்கும் மேற்பட்ட பணப்பைகளை ஆராய்ச்சியாளர்கள் பாங்கு, தபால் நிலையம், ஹோட்டல் முதலிய இடங்களில் ஒப்படைத்து, உரியவருக்குச் செய்தி வருகிறதா என்று காத்திருந்தார்கள். சுவிட்சர்லாந்தும் வட ஐரோப்பிய நாடுகளும் முன்னால் நின்றது எதிர்பார்த்ததே. பணம் இல்லாத பையைவிடப் பணம் உள்ள பையைத்தான் ஜனங்கள் அதிகமாகத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும், 40-இல் 38 நாடுகளில் இப்படியே நடந்தது என்பதையும் பொருளாதார சாஸ்திரிகளும் பொதுவாக எதிர்பார்க்கவில்லை. தொலைத்த பை திரும்பி வரும் என்று மக்கள் நம்பும் அளவைக் காட்டிலும் உண்மையில் திரும்பி வரும் பைகள் மிக அதிகம் என்பதை 2025-ஆம் ஆண்டு மகிழ்ச்சி அறிக்கையும் எடுத்துச் சொல்லி, அயலாரைப் பற்றிய வீண் சந்தேகமே மனிதரின் சந்தோஷத்தைப் பெரிதும் தின்றுவிடுகிறது என்கிறது.

சட்டம் எல்லார்மீதும் ஒரே கனத்துடன் விழுகிறதா என்பதும் இந்த நம்பிக்கையைச் சேர்ந்ததே. பின்லாந்தில் 1921 முதல் அபராதத்தை வருமானத்தின் விகிதப்படி விதிக்கிறார்கள். 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாத தெருவில் 75 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஒரு பெரிய கம்பெனி அதிகாரிக்கு 2002-இல் 1,16,000 யூரோ அபராதம் விழுந்தது. அவ்வாண்டு வருமானம் குறைந்ததைக் காட்டி அவர் பிறகு அதைக் குறைத்துக்கொண்டார் என்பது வேறு கதை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் இன்னார் இவ்வளவு சம்பாதித்தார், இவ்வளவு வரி கட்டினார் என்ற விவரம் பகிரங்கமாகிறது. பொறாமை தினம் என்று அந்த நாளுக்கு அவர்களே பெயர் சூட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் பொறாமைப்பட்டாலும், பெரிய மனிதன் வரி கட்டாமல் தப்பினான் என்ற எரிச்சல் இல்லாமல் தூங்கலாம் அல்லவா?

அந்நாட்டைச் சுவர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 1990-இல் அங்கே தற்கொலை விகிதம் 1,00,000 பேருக்குச் சுமார் 30. உலகத்தின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. ஆனால் அவர்கள் அதைத் தலைவிதி என்றோ குளிரின் குற்றம் என்றோ விட்டுவிடவில்லை. 1987 ஏப்ரலிலிருந்து ஓராண்டுக் காலத்தில் நாட்டில் நடந்த அத்தனை தற்கொலைகளையும், 1,397 சம்பவங்களையும், ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு, உறவினரையும் வைத்தியரையும் சந்தித்து, இறந்தவரின் கடைசி மாதங்கள் எப்படிக் கழிந்தன என்று விசாரித்து எழுதினார்கள். மனச்சோர்வுக்குத் தக்க வைத்தியம் கிடைக்காததும் மிதமிஞ்சிய குடியும் திரும்பத் திரும்ப வெளிப்பட்டன. அவற்றுக்கு ஏற்றபடி மருத்துவமும் போலீசும் பள்ளியும் பட்டாளமும் தங்கள் நடைமுறையை மாற்றின. விகிதம் இன்று பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வேலையில்லாத் திண்டாட்டம், இளைஞர்களின் மனவாட்டம், நலத்திட்டங்களில் கத்தரி வைக்கும் சர்க்கார் என்று இன்றைக்கும் அவர்களுக்குக் குறைகள் உண்டு.

வட ஐரோப்பிய மார்க்கம் ஒன்றே மார்க்கம் என்று நினைக்கவேண்டியதில்லை. 2025-இல் ஆறாம் இடத்தில் நின்ற கோஸ்டாரிகா, வருமானத்தில் அந்த நாடுகளுக்கு வெகு தூரம் பின்னால் இருப்பது. 1948 டிசம்பர் 1-ஆம் தேதி, அங்கே உள்நாட்டுப் போரில் வென்ற ஹோசே ஃபிகரேஸ், ஒரு பெரிய சம்மட்டியை எடுத்து ராணுவக் கொத்தளத்தின் சுவரில் ஓங்கி அடித்து, இனி இந்நாட்டுக்குப் பட்டாளம் வேண்டாம் என்று பிரகடனம் செய்தார். 1949-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அதை உறுதிப்படுத்திற்று. அந்தக் கொத்தளம் இப்போது தேசியப் பொருட்காட்சிச் சாலை. துப்பாக்கிக்குச் செலவாகாத பணம் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிற்று. அந்நாட்டாரின் சராசரி ஆயுள் சுமார் 80 ஆண்டு. இவற்றோடு, ஞாயிறு தோறும் பாட்டி வீட்டில் கூடி உண்ணும் குடும்பப் பாசமும் சேர்ந்துகொண்டது.

பூட்டானைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் வாசகர் கோபித்துக்கொள்வார்கள். மொத்த தேசிய உற்பத்தியை விட மொத்த தேசிய மகிழ்ச்சியே பெரிது என்று 1970-களில் அரசர் ஜிக்மே சிங்கே வாங்சுக் கூறியது மகத்தான வாக்கு என்பதில் சந்தேகமில்லை. 2011-இல் ஐக்கிய நாடுகள் சபையில் இவ்விஷயத்தைத் தீர்மானமாகக் கொண்டுவந்ததும் அந்நாடுதான். ஆனால் அதே நாட்டிலிருந்து 1990-களின் தொடக்கத்தில் நேபாள மொழி பேசும் ஏறத்தாழ 1,00,000 பேர் வெளியேற்றப்பட்டு முகாம்களில் கிடந்தார்கள். இப்போது படித்த இளைஞர்கள் வேலை தேடி ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுகிறார்கள். மகிழ்ச்சியை அரசியல் சட்டத்தில் எழுதிவைப்பது எளிது. அதில் பங்கு யாருக்கு, யாருக்கு இல்லை என்பதில்தான் சோதனை இருக்கிறது.

சின்ன நாடு, ஒரே இனம், அதனால் சாத்தியமாயிற்று என்று சமாதானம் சொல்கிறவர்களுக்கு 1918-ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறேன். ஒரே இனத்தார்தான் அன்று ஒருவரை ஒருவர் சுட்டுக் கொன்றார்கள்; மேலும் பின்லாந்தில் சுவீடிஷ் மொழியும் ஆட்சிமொழி, சுவிட்சர்லாந்திலோ தேசிய மொழிகள் நான்கு. அளவைப் பற்றிச் சொன்னால், பள்ளியையும் சாப்பாட்டையும் அங்கே நடத்துவது ஹெல்சிங்கியில் உட்கார்ந்திருக்கும் மந்திரி அல்லர், ஊராட்சிகளே நடத்துகின்றன. நம்மிடமும் ஊராட்சிகள் இல்லாமல் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த வழி புதிதும் அன்று. 1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டம், 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு என்று நம் பள்ளிக்கூடங்களில் அடுப்பு எரிந்துகொண்டே வந்திருக்கிறது. நாடே பணக்காரனாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காமராஜர் காத்திருக்கவில்லை. ரேஷன் கடையை வறியவருக்கு மட்டும் என்று 1997-இல் மத்திய சர்க்கார் சுருக்கியபோது, எல்லாருக்கும் உண்டு என்ற முறையை விடாமல் வைத்துக்கொண்டதும் இந்த மாநிலம்தான். இவை இரண்டும் நம்மிடம் இருக்கும் பின்லாந்து.

மற்றவற்றில் நம் நிலை வேறு. வீட்டில் சம்பாதிக்கிறவர் ஒருவர் படுத்துவிட்டால், மறுநாளே மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது; அரசு ஆஸ்பத்திரி இருந்தும், இன்சூரன்சு அட்டை இருந்தும், ஸ்கேனுக்கும் வெளியே வாங்கும் மருந்துக்கும் யாரிடமாவது கைமாற்று வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. உறவின் பெருமையை ஓயாமல் பேசும் இந்த நாட்டில், ஆபத்துக்கு உதவ நம்பத்தக்க உறவினரோ சிநேகிதரோ உங்களுக்கு உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று சொல்பவர்களின் விகிதம் பின்லாந்தைக் காட்டிலும் வெகுவாகக் குறைவு என்பது கசப்பான செய்தி. நமது நம்பிக்கை பங்காளி, மாமன் மச்சான், சாதி என்ற வட்டத்தோடு நின்றுவிடுகிறது. வட்டத்துக்கு வெளியே இருப்பவனை முதலில் எந்த ஊர், யார் மகன் என்று விசாரித்துவிட்டுத்தான் தண்ணீர் கொடுக்கிறோம். தாலுகா ஆபீசில் வருமானச் சான்றுக்கும் வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாற்றுவதற்கும் போகிறவர், மனு எழுதுவதற்கு முன்பே யாரைப் பிடிக்கலாம், எவ்வளவு கவனிக்கவேண்டியிருக்கும் என்றுதான் விசாரிக்கிறார். உரிமையாக வரவேண்டிய ஒரு காகிதத்துக்காகச் சொந்த சர்க்காரிடம் பயந்து பயந்து போகும் ஜனங்கள், ஏணியில் மேல் படியைக் காட்டவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

இன்ன சான்று இத்தனை நாளுக்குள் தரப்படவேண்டும், தவறினால் அதிகாரி அபராதம் கட்டவேண்டும் என்ற சேவை உரிமைச் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010-இலும் பீகார் 2011-இலும் இயற்றின. பிற மாநிலங்கள் பலவும் பின்தொடர்ந்தன. தமிழ்நாட்டுக்கும் அது வேண்டும் என்ற கோரிக்கை வெகுகாலமாக எழுப்பப்பட்டு வருகிறது. சட்டத்தால் மட்டும் லஞ்சம் ஒழிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆயினும் 1943-இல் இயற்றிய சட்டம் 1948-இல் ஒவ்வொரு குழந்தையின் தட்டிலும் சோறாக விழுந்தது என்பதை மறுக்க முடியாது. அடுத்த முறை வாக்குக் கேட்டு உங்கள் வீட்டுப் படியேறி வருகிறவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், என்ன தருவீர்கள் என்று கேட்பதற்கு முன்பாக, எங்கள் ஊர் தாலுகா ஆபீசில் ஒரு வாரிசுச் சான்று கைக்காசு இல்லாமல் எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேளுங்கள். விடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.